தாமிரம் குறைவு என்கிறது ரிப்போர்ட், அதிகம் என்கிறார் டாக்டர்: எதை நம்புவது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் மஞ்சள் காமாலை வந்தது. ஆச்சி கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார், இறங்கிவிட்டது. ஆனால் சோர்வு மட்டும் போகவில்லை. மதுரையில் காட்டினோம். ஹெபடைடிஸ் கிருமி எதுவும் இல்லை. கல்லீரல் டெஸ்டில் எஸ்ஜிபிடி 142, பிலிருபின் 1.1, ஐஎன்ஆர் 1.1, பிளேட்லெட் 1.9 லட்சம். ஸ்கேனில் கல்லீரல் லேசாகச் சொரசொரப்பாக இருக்கிறதாம். செருலோபிளாஸ்மின் 8. ரத்தத்தில் தாமிரம் 56, பக்கத்தில் 'குறைவு' என்று அச்சாகியிருக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் 238. டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் வளையம் இல்லை என்றார்கள். கடைசியில் வில்சன் நோய், உடம்பில் தாமிரம் சேருகிறது, ஆயுள் முழுக்க பெனிசிலமைன் சாப்பிட வேண்டும் என்கிறார்கள்.

ரத்தத்தில் தாமிரம் குறைவாக இருக்கும்போது அதிகம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? வளையமும் இல்லையே? நான் தாய்மாமனைக் கட்டியவள். ஆச்சிதான் எனக்கு மாமியாரும். நான் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்ததால்தான் வந்தது என்று அவர் சொல்கிறார். வீட்டுக்காரரோ நாட்டு மருந்தில் இரண்டு வருடத்தில் குணமாக்கிவிடலாம் என்கிறார். இவன் கையெழுத்து முன்னைப்போல இல்லை என்று தமிழ் ஐயா வேறு சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள், நன்றாக ஓடியாடுகிறாள். என் மகன் எத்தனை வருடம் இருப்பான் டாக்டர்? அவனிடம் இதைச் சொல்லலாமா?

பதில்:

ரிப்போர்ட்டும் சரி, டாக்டரும் சரி. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தாமிரம் நம் எல்லோர் உடம்புக்குள்ளும் போகிறது. தேவை அதைவிடக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஏடிபி7பி என்று பெயர். அதே புரதம்தான் செருலோபிளாஸ்மின் என்ற இன்னொரு புரதத்துக்குள் தாமிரத்தை ஏற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. உங்கள் மகனுக்கு ஏடிபி7பி மரபணு இரண்டு பிரதியிலும் பழுது. அதனால் பித்தநீர் வழியும் அடைப்பு, செருலோபிளாஸ்மினில் ஏற்றும் வேலையும் நின்றுபோனது.

செருலோபிளாஸ்மினைப் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் தாமிரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அந்த பஸ்ஸில்தான் போகிறது. பஸ்ஸே கிளம்பாவிட்டால் ரோட்டில் ஆள் குறைவாகத்தான் தெரியும், கூட்டமெல்லாம் டிப்போவில் நெரிபடும். டிப்போதான் கல்லீரல்.

உங்கள் எண்ணை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிகிராம் செருலோபிளாஸ்மின் சுமார் 3 மைக்ரோகிராம் தாமிரத்தைச் சுமக்கும். மகனுக்கு 8 இருக்கிறது, அது சுமப்பது 25 அளவுக்கு. மொத்தத் தாமிரம் 56. கழித்தால் மீதி 31. இது எதிலும் ஏறாமல் ரத்தத்தில் திரிகிற தாமிரம். சாதாரணமாக இது 15க்குள் இருக்கும், 25ஐத் தாண்டினால் வில்சன் நோயைச் சந்தேகிப்போம். ஆக, 'குறைவு' என்று அச்சான அந்த 56க்குள்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது. இது முரட்டுக் கணக்கு. சில லேப் ரிப்போர்ட்டில் விடை மைனஸில்கூட வரும், அதனால் இதை மட்டும் நம்பி யாரும் முடிவு செய்வதில்லை.

பிறகு எதை வைத்து முடிவு செய்கிறோம்? 2001இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கூட்டத்தில் வல்லுநர்கள் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். செருலோபிளாஸ்மின் 10க்குக் கீழே போனால் 2 மதிப்பெண். மருந்து தொடங்கும் முன் எடுத்த 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், இயல்பான உச்ச அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் 2. உச்ச அளவை 100 என்று வைத்தாலும் மகனின் 238 அதைத் தாண்டுகிறது. இரண்டும் சேர்ந்து 4. நான்கு வந்தால் நோய் உறுதி. கண்ணில் வளையம் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கூடியிருக்கும், இல்லாவிட்டாலும் கணக்கு முடிந்துவிட்டது.

வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1902இல் கெய்சர், அடுத்த ஆண்டு ஃபிளெய்ஷர் என்று இரண்டு ஜெர்மானிய டாக்டர்கள் எழுதிவைத்த அடையாளம் அது. கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்து ஒரு பட்டை தெரியும். மூளை பாதித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். கல்லீரல் மட்டும் பாதித்தவர்களில் பாதிப் பேருக்கு இருக்காது, சிறுவர்களில் இன்னும் குறைவு. தவிர, நம் கண்களின் கருநிறத்தில் டார்ச் வெளிச்சத்தை வைத்து அதைத் தேடுவது வீண் வேலை. கண் மருத்துவமனையில் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் தாடையை வைத்து உட்காரவைத்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்க்க வேண்டும். அதை இன்னும் செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள். காரணம் அந்தக் கையெழுத்து.

ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேருக்கு அவசரத்திலேயே கையெழுத்து கெட்டுப்போகும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் தமிழ் ஐயா சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த நோய் மூளையைத் தொடும்போது பல சமயம் முதலில் தெரிவது எழுத்தில்தான். போன வருட நோட்டையும் இந்த வருட நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து சிறுத்திருக்கிறதா, கோடு நடுங்குகிறதா, சுழி சரியாக மூடுகிறதா? காலையில் தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறதா? பேச்சு குழறுகிறதா, தேவையில்லாமல் கோபம் வருகிறதா? இரண்டு நோட்டையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். நரம்பியல் டாக்டர் ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. ஸ்லிட் லாம்பிலும் வளையம் இல்லையென்றால் மூளை பாதித்திருக்கும் வாய்ப்பு குறைவு, அப்போது ஐயாவிடம் பையனுக்குக் கொஞ்சம் திட்டு வாங்கிக் கொடுத்தால் போதும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. மூளை பாதித்தவர்களுக்குப் பெனிசிலமைன் தொடங்கியதும் சிலருக்கு நடுக்கமும் பேச்சும் முன்பைவிட மோசமாகலாம், அதிலும் சிலருக்கு அது திரும்புவதில்லை. அதனால் அவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம், அல்லது வேறு மருந்தை யோசிப்போம். மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டருக்கு இது தெரிய வேண்டும்.

சரி, 'எத்தனை வருடம் இருப்பான்' என்ற கேள்விக்கு வருகிறேன். 1912இல் லண்டனில் வில்சன் என்ற நரம்பியல் டாக்டர் இந்த நோயை முதன்முதலாக முழுதாக விவரித்தபோது, இது கொல்லும் நோய் என்றுதான் எழுத முடிந்தது. அடுத்த நாற்பது வருடம் அப்படியே போயிற்று. 1950களில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர், பெனிசிலின் எடுத்த நோயாளிகளின் சிறுநீரில் தான் முன்பு பார்த்த ஒரு பொருள் தாமிரத்தைப் பிடித்து இழுக்கும் என்று ஊகித்தார். முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்தப் பொருள்தான் உங்கள் கையில் இருக்கும் பெனிசிலமைன். 1956க்குப் பிறகு இந்த நோயின் கதையே வேறு.

உங்கள் மகனின் எண்களைப் பார்த்தால் அவன் நல்ல நேரத்தில் பிடிபட்டிருக்கிறான். பிலிருபின் இயல்பு, ரத்தம் உறையும் வேகம் (ஐஎன்ஆர்) இயல்பு, பிளேட்லெட் குறையவில்லை. வயிற்றில் நீர் இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. ஸ்கேனில் சொன்ன சொரசொரப்பு தழும்பா, வெறும் கொழுப்பா என்று தெரிய ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். தழும்பு குறைவாக இருக்கும்போதே மருந்து தொடங்கி விடாமல் சாப்பிட்டவர்கள், மற்றவர்களைப் போலவே படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, ஏறக்குறைய மற்றவர்கள் அளவுக்கே ஆயுளோடு இருக்கிறார்கள். கல்லீரல் சுருக்கம் ஓரளவு வந்துவிட்டவர்களில்கூடப் பலர் மருந்தில் நிலைபெற்று விடுகிறார்கள். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும், கல்லீரல் புற்றுநோய் அரிதாகத் தலைகாட்டலாம் என்பதால். மகனின் எஸ்ஜிபிடி இறங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பரம்பரை நோய்களில் மாத்திரையால் கட்டுக்குள் நிற்பவையும் உண்டு, இது அவற்றில் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் பயப்படுவது இந்த வருடத்தை நினைத்து இல்லை. இப்போது நீங்களே பயந்து நேரத்துக்குக் கொடுப்பீர்கள். இன்னும் ஐந்தாறு வருடம் கழித்து அவன் சென்னையிலோ கோவையிலோ ஹாஸ்டலில் இருப்பான். ரிப்போர்ட் எல்லாம் இயல்பாக இருக்கும், உடம்பில் ஒரு குறையும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று ஒரு மாதம் விடுவான், ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் விடுவான், அப்போதும் ஒன்றும் ஆகாது. அந்த நேரமெல்லாம் தாமிரம் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் திடீர்க் காமாலை வரும், ரத்த அணுக்கள் உடையும், கல்லீரல் ஒரு வாரத்தில் செயலிழக்கும். அந்த நிலையில் கல்லீரல் மாற்று சிகிச்சையைத் தவிரப் பெரும்பாலும் வழி இருக்காது. வில்சன் நோயாளிகளில் நான் பார்த்த மோசமான முடிவுகளில் பல, நன்றாக இருந்து மருந்தை விட்டவர்களுடையவை.

அதனால் 'இரண்டு வருடத்தில் குணம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருந்து தாமிரத்தை வெளியேற்றும், மரபணுவைத் திருத்தாது. கீழாநெல்லி கொடுத்ததற்கு ஆச்சியை ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்தக் காமாலை தானாகவே இறங்கியிருக்கும். ஆனால் வீட்டுக்காரர் சொல்லும் நாட்டு மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தாமிர பற்பம் என்று தாமிரத்தையே மூலமாக வைத்துச் செய்யும் மருந்து உண்டு. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் இவன் வாயில் போடக்கூடாது. கடையில் வாங்கும் சத்து மாத்திரை, டானிக்கில்கூடத் தாமிரம் சேர்த்திருப்பார்கள், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாத்திரை சாப்பிடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பெனிசிலமைன் வெறும் வயிற்றில் போக வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. சாப்பாட்டோடு போட்டால் பாதி வீணாகும். பள்ளிக்கூடம் போகும் பையனுக்குக் காலை எழுந்ததும் ஒன்று, மாலை வீடு திரும்பியதும் டிபனுக்கு முன் ஒன்று என்று டாக்டரிடம் பேசி நேரம் வைத்துக்கொண்டால் பள்ளியில் ஒளித்து ஒளித்து விழுங்க வேண்டியிருக்காது. கூடவே பி6 வைட்டமின் தினமும் உண்டு, அதை விடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தால் சேர்த்துப் போடக்கூடாது. முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, நெறிகட்டுதல் வந்தால் உடனே போய்க் காட்டுங்கள். பிளேட்லெட் குறைகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று தொடக்கத்தில் அடிக்கடி பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் டிரைஎன்டீன் இருக்கிறது, விலைதான் அதிகம். ஜிங்க் மாத்திரையும் உண்டு. அது குடலிலேயே தாமிரத்தைத் தடுத்துவிடும், மலிவு, பாதுகாப்பு. சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். பெனிசிலமைன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மருந்தே இல்லாமல் இருந்துவிடக் கூடாது. இந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, ஒரு மாத இருப்பு எப்போதும் கையில் இருக்கட்டும்.

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை இனி வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும். ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீர் வரைக்கும் அத்தனையும் லேப் கொடுத்த பிளாஸ்டிக் கேனுக்குள் போக வேண்டும். எந்தச் சொம்பிலும் பிடித்து ஊற்றக்கூடாது, உலோகம் கலந்தால் எண் கெட்டுவிடும். மருந்து தொடங்கியபின் இந்த எண் 500, 1000 என்று எகிறும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். சேர்ந்த தாமிரம் வெளியேறுகிறது என்று அர்த்தம். போகப் போக 200க்கும் 500க்கும் இடையில் நிற்கும். செருலோபிளாஸ்மின் மட்டும் எத்தனை வருடமானாலும் ஏறாது, அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

செம்புக் குடம் இந்த நோயைக் கொண்டுவரவில்லை. இதை ஆச்சிக்குப் படித்துக் காட்டுங்கள். அதே குடத்துத் தண்ணீரை வீட்டில் எல்லோரும்தானே குடித்தீர்கள்? ஆனால் இனி அவனுக்கு அது வேண்டாம். இரவு முழுக்கச் செம்பில் நின்ற தண்ணீரில் தாமிரம் இறங்கும், புளியும் எலுமிச்சையும் மோரும் பட்டால் இன்னும் அதிகம். ஈயம் பூசாத பித்தளையிலும் சமைக்க வேண்டாம். 'ரத்தம் ஊறும்' என்று ஆட்டு ஈரல் வறுத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். முதல் ஒரு வருடம் நண்டு, காளான், சாக்லேட், முந்திரி, எள் வேண்டாம். சோறு, பால், முட்டை, கோழி, காய்கறி எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். பத்தியம் மருந்துக்கு மாற்று ஆகாது. வளர்ந்தபின் மதுப் பக்கமே போகக்கூடாது என்பதையும் இப்போதே காதில் போட்டு வையுங்கள்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் அவசரமான வரி அவளைப் பற்றியதுதான், நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமக்கிறீர்கள், உங்களுக்கு நோய் வராது. உங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பழுதும் போய்ச் சேரும். ஓடியாடுவது ஒன்றையும் நிரூபிக்காது, அண்ணனும் ஒன்பது வயதில் ஓடியாடியவன்தான். எஸ்ஜிபிடி, செருலோபிளாஸ்மின், சிறுநீரில் தாமிரம், ஸ்லிட் லாம்ப் நான்கையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். ஒரு பிரதி மட்டும் பழுதான பிள்ளைகளிலும் செருலோபிளாஸ்மின் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், அங்கேதான் குழப்பம் வரும். அதைத் தீர்க்க மரபணுப் பரிசோதனை. முதலில் மகனுக்குச் செய்து பழுது எது என்று கண்டுபிடித்தால், மகளிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் தேடினால் போதும். மாமனும் மருமகளும் கட்டிய வீட்டில் பெரும்பாலும் இரண்டு பிரதியிலும் ஒரே பழுதுதான் இருக்கும், அதனால் தேடல் சுலபம். அவளுக்கும் நோய் இருந்தால் அறிகுறி வரும் முன்பே மருந்து தொடங்கிவிடலாம். எல்லோரையும்விட நன்றாக இருப்பவர்கள் அப்படித் தொடங்கியவர்கள்தான்.

சொந்தத்தில் கட்டியதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம், ஊரோடு ஒத்துப் போனீர்கள். சொந்தம் இல்லாதவர்களுக்கும் இந்த நோய்ப் பிள்ளை பிறக்கிறது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இவனுக்குச் சொந்தத்தில் பெண் பார்க்காதீர்கள். வெளியில் கட்டினால் இவன் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 200இல் ஒன்று. சொந்தத்தில் கட்டி, அந்தப் பெண்ணும் ஒரு பழுதைச் சுமந்தால் இரண்டில் ஒன்று.

அவனிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். 14 வயதுப் பையன் ரிப்போர்ட்டில் இருக்கும் நோயின் பெயரைப் போனில் தேடி, பழைய படங்களைப் பார்த்து, தனியாகப் பயந்துகொண்டிருப்பதைவிட, டாக்டர் முன்னால் உட்கார்ந்து தன் எண்களைத் தானே கேட்பது நல்லது. மாத்திரையை ஏன் விடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதாது, ஹாஸ்டலில் நீங்கள் இருக்கப்போவதில்லை. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது அவனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு நோட்டையும் மறக்காதீர்கள். மகளையும் கூடவே அழைத்துப் போனால் ரத்தம் கொடுக்க இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்காது.